இன்டர்பெரான்-காமா வெளிவிடல் சோதனை

இன்டர்பெரான்-காமா வெளிவிடல் சோதனை என்பது, ஒருவருடைய உடலில் காசநோய்க் கிருமியின் தொற்று ஏற்பட்டுள்ளதா என்பதை அறிய உதவும் ஒரு குருதிச் சோதனை ஆகும். காசநோய்க் கிருமியை முன்னரே எதிர்கொண்ட வெண்குருதியணுக்கள், அக்கிருமிக்குரிய புரதங்களை மீண்டும் சந்திக்கும்போது இன்டர்பெரான்-காமா என்னும் சமிக்ஞைப் புரதத்தை வெளிவிடுகின்றன. அப்புரதத்தின் அளவு, பிறபொருளெதிரிகளைப் பயன்படுத்தும் எலைசா என்ற ஆய்வுகூட முறையினால் அளக்கப்படுகின்றது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இச்சோதனை ஐ.ஜி.ஆர்.ஏ. அல்லது இக்ரா எனச் சுருக்கமாக அழைக்கப்படுகின்றது.

இச்சோதனை தொற்று உள்ளதை மட்டுமே காட்டும். நோய் உள்ளதைக் காட்டாது. இந்த வேறுபாடு சோதனையின் பயன்பாட்டில் மிக முதன்மையானது. தொற்று உள்ளவர்களுள் பெரும்பாலானோர் வாழ்நாள் முழுவதும் நலமாகவே இருப்பர். ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காட்டினருக்கே தொற்று பின்னர் நோயாக மாறுகின்றது. சிலிக்காத் தூசியால் நுரையீரல் பாதிக்கப்பட்டோர், எச்.ஐ.வி. தொற்று உடையோர், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர் ஆகியோரிடம் இந்த வாய்ப்பு பலமடங்கு கூடுதலாகும். கருங்கல் குவாரிகளும் வார்ப்பாலைகளும் உள்ள ஓசூர்–கிருட்டிணகிரி போன்ற வட்டாரங்களில் இச்சோதனை குறித்த தெளிவு தேவைப்படுவதற்கு இதுவே காரணமாகும்.

இன்டர்பெரான்-காமா

நோயெதிர்ப்பு உயிரணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் சிறு புரதங்கள் சைட்டோகைன்கள் எனப்படும். இன்டர்பெரான்கள், இன்டர்லியூக்கின்கள், கட்டி நசிவுக் காரணி ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவை மிகக் குறைந்த அளவிலேயே சுரக்கப்பட்டு, அருகிலுள்ள உயிரணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளுடன் இணைந்து அவற்றின் செயற்பாட்டை மாற்றுகின்றன.

இன்டர்பெரான்-காமாவைப் பெரிதும் சுரப்பவை டி வெண்குருதியணுக்களும் இயற்கைக் கொல்லி உயிரணுக்களும் ஆகும். காசநோய்க் கிருமி நுரையீரலை அடையும்போது, அதனைப் பெருவிழுங்கிகள் என்னும் உயிரணுக்கள் விழுங்குகின்றன. ஆயினும் இக்கிருமி பெருவிழுங்கியின் உள்ளேயே அழியாமல் வாழவும் பெருகவும் வல்லது. இன்டர்பெரான்-காமாவின் சமிக்ஞை கிடைத்த பின்னரே பெருவிழுங்கி முழுமையாகத் தூண்டப்பட்டுக் கிருமியை அழிக்கும் அல்லது கட்டுப்படுத்தும் ஆற்றலைப் பெறுகின்றது. இன்டர்பெரான்-காமாவுக்கான ஏற்பி பிறப்பிலேயே பழுதடைந்த குழந்தைகள், பிறருக்குத் தீங்கு செய்யாத மைக்கோபாக்டீரியங்களாலும் கடுமையாக நோயுறுவது 1996ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இப்புரதத்தின் இன்றியமையாமைக்கு இது நேரடிச் சான்றாகும்.

வரலாறு

இச்சோதனை பல தனித்தனிக் கண்டுபிடிப்புகள் ஒன்றுசேர்ந்ததன் விளைவாகும்.

1890ஆம் ஆண்டில் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியிலிருந்து டியூபர்குலின் என்னும் வடிசாற்றை உருவாக்கினார். அது மருந்தாகப் பயன்படவில்லை. ஆனால் தொற்று உள்ளவரின் தோலில் அது தடிப்பை உண்டாக்குவது பின்னர் நோயறிதலுக்கு உதவியது. பிரெஞ்சு மருத்துவர் சார்லசு மாந்தூ 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையே இன்றும் மாந்தூ சோதனை என்ற பெயரில் வழக்கிலுள்ளது.

1957ஆம் ஆண்டில் இலண்டனில் அலிக் ஐசக்சு, சான் லின்டன்மன் ஆகியோர் தீநுண்மங்களின் பெருக்கத்தைத் தடுக்கும் ஒரு பொருளைக் கண்டறிந்து அதற்கு இன்டர்பெரான் எனப் பெயரிட்டனர். தாவரப் புரதம் ஒன்றினால் தூண்டப்பட்ட வெண்குருதியணுக்கள் வேறுவகை இன்டர்பெரானைச் சுரப்பதை 1965ஆம் ஆண்டில் பிரெடெரிக் வீலாக் விவரித்தார். இதுவே பின்னர் இன்டர்பெரான்-காமா எனப்பட்டது.

மிகச் சிறிய அளவிலுள்ள புரதங்களைப் பிறபொருளெதிரி கொண்டு அளக்கும் வழியை, கதிரியக்கப் பொருள்களைப் பயன்படுத்தி, ஐக்கிய அமெரிக்காவில் உரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகியோர் 1960ஆம் ஆண்டளவில் உருவாக்கினர். கதிரியக்கத்துக்கு மாற்றாக நொதியைப் பயன்படுத்தும் எலைசா முறையை 1971ஆம் ஆண்டில் சுவீடனின் ஏவா எங்வால், பீட்டர் பெர்ல்மன் ஆகியோர் வெளியிட்டனர். அதே காலத்தில் நெதர்லாந்தில் அன்டன் சூர்சு, பௌக்க வான் வீமன் ஆகியோரும் தனியாக இதையொத்த முறையைக் கண்டனர். 1975ஆம் ஆண்டில் சார்ச்சு கோலர், சேசர் மில்சுடீன் ஆகியோர் ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டறிந்தனர். இதனால் ஒரு புரதத்தின் குறிப்பிட்ட ஓர் இடத்தை மட்டும் பற்றும் பிறபொருளெதிரிகள் கிடைக்கலாயின.

இக்கண்டுபிடிப்புகளைக் காசநோய்க்கு இணைத்துப் பயன்படுத்தியது முதலில் கால்நடை மருத்துவமே. ஆத்திரேலியாவில் மாடுகளின் காசநோயை ஒழிக்கும் முயற்சியின்போது, மாட்டின் குருதியில் வெளியாகும் இன்டர்பெரான்-காமாவை எலைசா மூலம் அளக்கும் சோதனையை 1990ஆம் ஆண்டளவில் அந்நாட்டு ஆய்வாளர்கள் உருவாக்கினர். இதே தத்துவத்தில் அமைந்த குவாண்டிபெரான் என்னும் மனிதர்களுக்கான சோதனைக்கு ஐக்கிய அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டில் ஒப்புதல் கிடைத்தது. இங்கிலாந்தின் ஆக்சுபோர்டில் அசித் லால்வானியின் குழு, இன்டர்பெரான்-காமாவைச் சுரக்கும் உயிரணுக்களைப் புள்ளிகளாக எண்ணும் மற்றொரு வடிவத்தை உருவாக்கியது. அது டி-சுபாட் எனப்படுகின்றது.

தத்துவம்

இச்சோதனை இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டத்தில் உயிருள்ள வெண்குருதியணுக்கள் தூண்டப்படுகின்றன. இரண்டாம் கட்டத்தில் அவை சுரந்த புரதம் அளக்கப்படுகின்றது. முதற்கட்டத்தில் அணுக்கள் உயிருடன் இல்லையெனில், இரண்டாம் கட்டம் எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டாலும் பயனில்லை.

தூண்டுவதற்கு ஈசாட்-6, சிஎப்பி-10 என்னும் இரண்டு புரதங்களின் துண்டுகள் பயன்படுகின்றன. இவற்றுக்குரிய மரபணுக்கள் காசநோய்க் கிருமியில் உள்ளன. ஆனால் பி.சி.ஜி. தடுப்பூசியில் உள்ள வலுக்குறைந்த கிருமியில் அவை இல்லை. மண்ணிலும் நீரிலும் வாழும் பெரும்பாலான மைக்கோபாக்டீரியங்களிலும் இல்லை. ஆகவே தடுப்பூசி போடப்பட்டதால் மட்டும் ஒருவருக்கு இச்சோதனையில் நேர்முடிவு வருவதில்லை.

புரதத்தை அளப்பதற்கு இடையீட்டு எலைசா என்னும் வகை பயன்படுகின்றது. நெகிழித் தட்டு ஒன்றிலுள்ள சிறு குழிகளின் அடியில், இன்டர்பெரான்-காமாவைப் பற்றும் முதலாவது பிறபொருளெதிரி ஒட்டப்பட்டிருக்கும். குருதி நீர்மத்தைக் குழியில் இட்டால் அதிலுள்ள இன்டர்பெரான்-காமா அதனுடன் பிணைந்து நிற்கும். நொதி இணைக்கப்பட்ட இரண்டாவது பிறபொருளெதிரி அதே புரதத்தின் வேறோர் இடத்தைப் பற்றும். இவ்வாறு அளக்கப்படும் புரதம் இரண்டு பிறபொருளெதிரிகளுக்கு நடுவே அகப்படுகின்றது. கழுவும்போது பிணையாத அனைத்தும் நீங்கிவிடும். பின்னர் நிறமற்ற வேதிப்பொருள் ஒன்று சேர்க்கப்படும். நொதி அதனை நிறமுள்ள பொருளாக மாற்றும். நிறம் மிகுந்தால் புரதம் மிகுதி என்பது பொருள். இரண்டு வெவ்வேறு இடங்களை இரண்டு பிறபொருளெதிரிகளும் ஒருங்கே பற்றினால்தான் நிறம் தோன்றும் என்பதால், குருதியிலுள்ள ஆயிரக்கணக்கான வேறு புரதங்கள் முடிவைக் குழப்புவதில்லை.

செய்முறை

பரவலாகப் பயன்படும் குவாண்டிபெரான் வடிவத்தின் செய்முறை பின்வருமாறு அமையும்.

குருதி எடுத்தல்

ஒருவரிடமிருந்து நான்கு குழாய்களில் தலா 1 மில்லிலிட்டர் குருதி எடுக்கப்படுகின்றது. நான்கு குழாய்களிலும் குருதி உறையாமல் தடுக்கும் எப்பாரின் உண்டு.

1. வெற்றுக் குழாய்: தூண்டும் பொருள் எதுவும் இல்லாதது. குருதியில் இயல்பாகவே உள்ள இன்டர்பெரான்-காமாவைக் காட்டும்.
2. முதற் காசநோய்க் குழாய்: உதவி டி அணுக்களைத் தூண்டும் புரதத் துண்டுகளைக் கொண்டது.
3. இரண்டாம் காசநோய்க் குழாய்: உதவி டி அணுக்களுடன் கொல்லி டி அணுக்களையும் தூண்டும் துண்டுகளைக் கொண்டது.
4. பொதுத்தூண்டிக் குழாய்: எந்தத் தொற்றும் இல்லாதவரின் டி அணுக்களையும் தூண்டவல்ல பொருளைக் கொண்டது. அணுக்கள் உயிருடன் செயற்படுகின்றன என்பதற்குச் சான்றாக அமையும்.

தூண்டும் பொருள்கள் குழாயின் உட்சுவரில் பூசப்பட்டிருப்பதால், குருதி எடுத்தவுடன் குழாயை ஏறத்தாழ பத்து முறை குலுக்கவேண்டும். குலுக்காவிட்டால் பொருள் கரையாது. மிகையாகக் குலுக்கினால் அணுக்கள் சிதைந்துவிடும்.

அடைவைத்தல்

குழாய்களை 37 பாகை செல்சியசு வெப்பநிலையில் 16 முதல் 24 மணிநேரம் வைத்திருக்கவேண்டும். இது மனித உடலின் வெப்பநிலையாகும். குருதி எடுத்த 16 மணிநேரத்துக்குள் குழாய்கள் அடைகலத்தில் வைக்கப்பட்டுவிட வேண்டும். அதுவரை அவை ஏறத்தாழ 17 முதல் 27 பாகை வரையான அறை வெப்பநிலையில் இருக்கவேண்டும், குளிர்பெட்டியில் வைக்கலாகாது. தொலைவிலுள்ள ஆய்வுகூடங்களுக்காக, குருதியை முதலில் லித்தியம் எப்பாரின் குழாயில் எடுத்துக் குளிர்நிலையில் அனுப்பிப் பின்னர் மாற்றும் வழியும் உண்டு.

அளவிடல்

அடைவைத்த குழாய்கள் மையவிலக்கிப் பொறியில் சுழற்றப்படுகின்றன. அணுக்கள் அடியில் தங்க, மேலே தெளிந்த நீர்மம் நிற்கும். நொதி இணைந்த பிறபொருளெதிரிக் கரைசலில் 50 மைக்ரோலிட்டரும், நீர்மத்தில் 50 மைக்ரோலிட்டரும் குழியில் இடப்பட்டு, அறை வெப்பநிலையில் 2 மணிநேரம் வைக்கப்படும். பிறகு குறைந்தது ஆறு முறை கழுவி, 100 மைக்ரோலிட்டர் நிறமாற்றக் கரைசல் சேர்க்கப்படும். 30 நிமிடங்களில் நீல நிறம் தோன்றும். அமிலம் கலந்த நிறுத்தற் கரைசலை இட்டதும் நீலம் மஞ்சளாகும். அந்த மஞ்சள் நிறத்தின் செறிவு 450 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளக்கப்படும்.

கணக்கிடல்

நிறத்தின் செறிவு மட்டும் புரதத்தின் அளவைத் தராது. ஆகவே ஒவ்வொரு தட்டிலும் அளவு தெரிந்த இன்டர்பெரான்-காமாக் கரைசல்களும் சேர்த்தே சோதிக்கப்படும். மில்லிலிட்டருக்கு 4, 1, 0.25, 0 அனைத்துலக அலகுகள் கொண்ட கரைசல்கள் இதற்குப் பயன்படும். இவற்றின் செறிவுகளைக் கொண்டு ஒரு வரைகோடு வரைந்து, நோயாளியின் மாதிரி அக்கோட்டில் எங்கு விழுகின்றது எனக் கண்டு அளவு பெறப்படும். கழுவுதல் சரியாக அமையாவிட்டாலோ கரைசல் பழுதாகியிருந்தாலோ இந்தக் கோடு நேராக அமையாது. அவ்வாறாயின் தட்டின் முடிவுகள் முழுவதும் தள்ளப்படவேண்டும்.

காசநோய்க் குழாயின் அளவிலிருந்து வெற்றுக் குழாயின் அளவைக் கழித்தால் வருவது 0.35 அலகு அல்லது அதற்கு மேலாகவும், வெற்றுக் குழாய் அளவின் கால் பங்கிற்குக் குறையாமலும் இருப்பின் அது நேர்முடிவு ஆகும். 0.35 அலகு என்பது ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 17 பிக்கோகிராம் புரதம் ஆகும். ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. இச்சிறு அளவைக் கண்ணால் காணக்கூடிய நிறமாக மாற்றுவதே எலைசாவின் சிறப்பாகும். ஒவ்வொரு நொதி மூலக்கூறும் மீண்டும் மீண்டும் செயற்பட்டு நிறப்பொருளைப் பெருக்குவதால் இது இயல்கின்றது.

எடுத்துக்காட்டாக, வெற்றுக் குழாய் 0.08, முதற் காசநோய்க் குழாய் 0.61, இரண்டாம் காசநோய்க் குழாய் 0.55, பொதுத்தூண்டிக் குழாய் 7.40 எனக் கொள்வோம். 0.61 – 0.08 = 0.53. இது 0.35ஐ விட மிகுதி, ஆகவே நேர்முடிவு. மற்றொருவருக்கு இவை முறையே 0.10, 0.14, 0.12, 0.35 எனக் கொள்வோம். காசநோய்க் குழாய்களில் உயர்வு இல்லை. ஆனால் பொதுத்தூண்டிக் குழாயிலும் உயர்வு 0.25 மட்டுமே. இது 0.5 அலகுக்குக் குறைவாக இருப்பதால் அணுக்களே செயற்படவில்லை எனப் பொருள்படும். இதனை எதிர்முடிவு எனக் கூறலாகாது. தீர்மானிக்க இயலாத முடிவு என்றே கூறவேண்டும். வெற்றுக் குழாயின் அளவு 8 அலகுக்கு மேல் இருந்தாலும் முடிவு தீர்மானிக்க இயலாததே.

முடிவுகளைப் பொருள்கொள்ளல்

நேர்முடிவு: காசநோய்க் கிருமியின் தொற்று ஏற்பட்டிருக்கக்கூடும். நோய் உள்ளதா என்பதை அறிய இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை ஆகிய அறிகுறிகளும் மார்பு ஊடுகதிர்ப் படமும் பார்க்கப்படும். ஐயம் இருப்பின் சளி, சிபி-நாட் அல்லது ட்ரூநாட் போன்ற மூலக்கூற்றுச் சோதனைக்கு உட்படுத்தப்படும். அறிகுறியற்ற தொற்று மட்டும் உடையவர் பிறருக்கு நோயைப் பரப்புவதில்லை.

எதிர்முடிவு: தொற்று இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. ஆயினும் அண்மையில் தொற்று ஏற்பட்டிருந்தால் டி அணுக்கள் பெருகச் சில வாரங்கள் தேவை என்பதால் முடிவு எதிராகவே வரலாம். அறிகுறி உள்ளவரிடம் எதிர்முடிவைக் கொண்டு காசநோய் இல்லை எனத் தீர்மானிக்கலாகாது.

தீர்மானிக்க இயலாத முடிவு: கடும் ஊட்டக்குறைவு, எச்.ஐ.வி. தொற்று, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் ஆகியவற்றால் வரலாம். குழாய்கள் வெயிலில் கிடந்ததாலோ தாமதமாக அடைவைக்கப்பட்டதாலோ கூட வரலாம். பொதுவாகப் புதிய குருதி எடுத்து மீண்டும் சோதிக்கப்படும்.

மாந்தூ சோதனையுடன் ஒப்பீடு

மாந்தூ சோதனையில் 0.1 மில்லிலிட்டர் டியூபர்குலின் தோலுக்குள் செலுத்தப்பட்டு, 48 முதல் 72 மணிநேரத்தில் தடிப்பின் குறுக்களவு அளக்கப்படுகின்றது. டியூபர்குலின் பல புரதங்களின் கலவை என்பதால் பி.சி.ஜி. தடுப்பூசியும் சூழலிலுள்ள மைக்கோபாக்டீரியங்களும் தடிப்பை உண்டாக்கலாம். இச்சோதனைக்கு ஆய்வுகூடம் தேவையில்லை, செலவும் குறைவு. ஆனால் சோதிக்கப்படுபவர் இரண்டாம் முறை வரவேண்டும். நாட்கூலிக்கு உழைப்பவருக்கு இரண்டாம் வருகை என்பது ஒரு நாள் கூலியின் இழப்பாகும். அவர் வராவிட்டால் முதல் நாளின் ஊசியும் வீணாகும்.

இன்டர்பெரான்-காமா வெளிவிடல் சோதனைக்கு ஒரு வருகை போதும். தடிப்பை அளப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்து முடிவு மாறுவதில்லை. ஆனால் அடைகலம், மையவிலக்கி, எலைசா அளவி, பயிற்சி பெற்ற ஆய்வுகூட நுட்பர் ஆகிய அனைத்தும் வேண்டும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக, ஈசாட்-6, சிஎப்பி-10 புரதங்களையே தோலில் செலுத்தும் புதிய தோல் சோதனைகளை உலக சுகாதார அமைப்பு 2022ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் இவ்வகையில் சை-டிபி என்னும் சோதனை பயன்படுகின்றது. இதில் 5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தடிப்பு நேர்முடிவாகும்.

இந்தியாவில்

உலகில் ஆண்டுதோறும் காசநோயுறுவோரில் ஏறத்தாழ கால் பங்கினர் இந்தியாவில் உள்ளனர். காசநோய் ஆய்வில் தமிழ்நாட்டுக்கும் கருநாடகத்துக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1956ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம், நோயாளிகளை வீட்டில் வைத்தே மருந்தளித்துக் குணப்படுத்த இயலும் என நிறுவியது. அம்மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படுகின்றது. பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் 1959ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

1968ஆம் ஆண்டில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அறியும் பெரும் ஆய்வு தொடங்கியது. ஏறத்தாழ 2,80,000 பேருக்குத் தடுப்பூசியோ போலி ஊசியோ போடப்பட்டது. வளர்ந்தோரின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. அப்பகுதி மக்களிடம் சூழல் மைக்கோபாக்டீரியங்களுக்கான எதிர்வினை பரவலாக இருந்ததும் அந்த ஆய்வில் தெரியவந்தது. டியூபர்குலின் தடிப்பைத் தென்னிந்தியாவில் பொருள்கொள்வதில் உள்ள இடர்ப்பாட்டை இது காட்டுகின்றது.

இன்டர்பெரான்-காமா வெளிவிடல் சோதனை சந்தைக்கு வந்தபோது, இந்தியாவில் சிலர் அதனை நோயறி சோதனையாகப் பயன்படுத்தினர். தொற்று பரவலாக உள்ள நாட்டில் நலமானவர்களுக்கும் நேர்முடிவு வரும் என்பதால், நோயில்லாதோர் மாதக்கணக்கில் கடும் மருந்துகளை உட்கொள்ள நேரும் நிலை ஏற்பட்டது. நடப்புக் காசநோயைக் கண்டறிய இச்சோதனையைப் பயன்படுத்தலாகாது என உலக சுகாதார அமைப்பு 2011ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடாத வேறொரு சோதனையும் உண்டு. காசநோய்க் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகளை எலைசா மூலம் தேடும் குருதிச் சோதனைகள் முன்னர் பரவலாக விற்கப்பட்டன. அவற்றின் முடிவுகள் நம்பத்தகாதவை எனக் கண்ட இந்திய அரசு 2012ஆம் ஆண்டில் அவற்றைத் தடைசெய்தது. தடைசெய்யப்பட்ட சோதனையில் பிறபொருளெதிரியே தேடப்படும் பொருள். இன்டர்பெரான்-காமா வெளிவிடல் சோதனையிலோ பிறபொருளெதிரி ஓர் அளவுகருவி மட்டுமே. தேடப்படும் பொருள் சமிக்ஞைப் புரதம். இரண்டும் எலைசா என்பதால் ஒன்றாகிவிடா.

2021ஆம் ஆண்டில் வெளியான இந்தியக் காசநோய்த் தடுப்பு மருந்தளிப்பு வழிகாட்டி, நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழும் 5 அகவைக்கு மேற்பட்டோரையும், சிலிக்கோசிசு உடையோர், குருதி ஊடுபிரித்தல் செய்துகொள்வோர், உறுப்புமாற்றுக்குக் காத்திருப்போர், கட்டி நசிவுக் காரணியைத் தடுக்கும் மருந்து பெறுவோர் ஆகியோரையும் தொற்றுச் சோதனைக்கு உரியவர்களாகக் குறிப்பிடுகின்றது. 5 அகவைக்குட்பட்ட குழந்தைகளுக்கும் எச்.ஐ.வி. தொற்று உடையோருக்கும், நோய் இல்லை என உறுதிசெய்தபின், இச்சோதனை இல்லாமலேயே தடுப்பு மருந்து அளிக்கலாம். ஐசோனியாசிட் மருந்தை 6 மாதங்கள் நாள்தோறும் உட்கொள்வது ஒரு முறை. ஐசோனியாசிட், ரிபாபென்டின் ஆகியவற்றை வாரத்துக்கு ஒருமுறை என 12 வாரங்கள் உட்கொள்வது மற்றொரு முறை.

ஓசூர்–கிருட்டிணகிரி வட்டாரம்

கிருட்டிணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மாவட்டத்தின் வடமேற்கில், கருநாடக எல்லையை ஒட்டி, பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் ஓசூர் அமைந்துள்ளது. சிப்காட் தொழிற்பேட்டைகளும், அசோக் லேலண்ட், டிவிஎசு மோட்டார், டைட்டன் முதலிய நிறுவனங்களின் ஆலைகளும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சிறுதொழிற்கூடங்களும் இங்கு உள்ளன. மாவட்டத்தின் பிற பகுதிகள் மாம்பழத்துக்கும் கருங்கல் வெட்டியெடுத்தலுக்கும் பெயர்பெற்றவை.

கருங்கல்லில் சிலிக்கா மிகுதி. கல்லைத் துளையிடும்போதும், அறுக்கும்போதும், மெருகேற்றும்போதும், மணல் அச்சுகளைப் பயன்படுத்தும் வார்ப்பு வேலையின்போதும் நுண்ணிய சிலிக்காத் தூசி எழுகின்றது. நுரையீரலின் பெருவிழுங்கிகள் இத்தூசியை விழுங்கிச் சிதைகின்றன. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் நுரையீரலில் வடுக்கள் தோன்றும். இந்நோய் சிலிக்கோசிசு எனப்படும். இதற்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதனை அரசுக்கு அறிவிக்கவேண்டிய தொழில்நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

இன்டர்பெரான்-காமாவின் கட்டளையை ஏற்றுக் காசநோய்க் கிருமியை அடக்கவேண்டிய உயிரணு எதுவோ, அதுவே சிலிக்காத் தூசியால் சிதைகின்றது. ஆகவேதான் சிலிக்கோசிசு உடையவரிடம் உறங்கிக்கிடக்கும் தொற்று எளிதில் நோயாக மாறுகின்றது. தூசி நீங்கினாலும் இந்த இடர் நீங்குவதில்லை. குவாரி வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் காசநோய் வரலாம். மேலும் சிலிக்கோசிசின் நிழல்கள் ஊடுகதிர்ப் படத்தில் காசநோய் போலவே தோன்றக்கூடும். இத்தகைய தொழிலாளியிடம் நேர்முடிவு வந்தால் அது தொற்றுக்கு மட்டுமே சான்று. படத்தில் உள்ள நிழல் எதனால் ஏற்பட்டது என்பதைச் சளிச் சோதனையும் தொழில் வரலாறும் கொண்டே தீர்மானிக்கவேண்டும். தொழில் வரலாறு கேட்கப்படாவிட்டால் சிலிக்கோசிசு காசநோயாகக் கருதப்பட்டுப் பயனற்ற மருத்துவம் தொடரும். தொழில்நோய்க்குரிய உரிமைகளும் தொழிலாளிக்குக் கிடைக்காமற் போகும்.

இவ்வட்டாரத்தில் சோதனையைச் செய்வதில் நேரமும் வெப்பமும் முதன்மையானவை. மலையடிவாரக் குவாரி ஒன்றில் காலையில் எடுத்த குருதி, 16 மணிநேரத்துக்குள் அடைகலத்தை அடையவேண்டும். ஓசூர் மேட்டுநிலத்தில் இருப்பதால் ஓரளவு குளிர்ந்த ஊர். கிருட்டிணகிரி தாழ்நிலத்தில் இருப்பதால் கோடையில் வெப்பம் கூடுதல். நிறுத்திவைத்த ஊர்தியின் உள்ளே வெப்பம் 27 பாகையை எளிதில் கடந்துவிடும். இதற்கு எளிய தீர்வு, குருதி எடுக்கும் ஊரிலேயே ஒரு சிறு அடைகலம் வைத்திருப்பதாகும். 37 பாகையில் உரிய நேரம் வைத்தபின், குழாய்களை 3 நாட்கள் வரை சுழற்றாமல் வைத்திருக்கலாம். பிரித்தெடுத்த நீர்மத்தைக் குளிர்நிலையில் 4 வாரங்கள் வரை வைத்திருக்கலாம். உயிரணுக்களின் பணி முடிந்துவிட்டதால் அதன்பின் எலைசாவைச் சேலத்திலோ பெங்களூரிலோ சென்னையிலோ செய்தாலும் முடிவு மாறாது. மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கப்பட்டது.

எல்லைப் பகுதி என்பதால் மற்றொரு சிக்கலும் உண்டு. ஓசூரில் குடியிருந்து அத்திப்பள்ளி, பொம்மசந்திரா ஆகிய கருநாடகத் தொழிற்பகுதிகளில் வேலை செய்வோர் உள்ளனர். வடமாநிலங்களிலிருந்து வந்து தங்கியிருப்போரும் பலர். 12 வாரங்களோ 6 மாதங்களோ தொடரவேண்டிய தடுப்பு மருந்து, இடம் மாறும்போது நின்றுபோகலாம். 2012ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நிக்சய் என்னும் நாடளாவிய பதிவேட்டில் ஒருவருக்குரிய எண் இருந்தால், அவர் செல்லும் மாநிலத்திலும் மருந்தைத் தொடர இயலும்.

நேர்முடிவு பெற்றவர் வேலையை இழக்க நேருமோ என்ற அச்சமும் மக்களிடம் உள்ளது. தொற்று மட்டும் உடையவர் கிருமியை வெளியிடுவதில்லை; ஆகவே அவரைப் பணியிலிருந்து விலக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. தொற்றுச் சோதனையை வேலைக்குத் தகுதி காணும் சோதனையாகப் பயன்படுத்துவது அதன் நோக்கத்துக்கு முரணானது. தூசியைக் குறைக்கும் நீர்த்தெளிப்பு, காற்றுறிஞ்சி, தகுந்த முகமூடி ஆகியவற்றுக்கு இச்சோதனை மாற்றாகவும் ஆகாது.

வரம்புகள்

* நடப்பு நோயையும் உறங்கும் தொற்றையும் வேறுபடுத்திக் காட்டாது.
* தொற்று அண்மையில் ஏற்பட்டதா, பல ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்டதா எனக் காட்டாது.
* தொற்றுடையோருள் யார் நோயுறுவர் என முன்கூட்டிக் கூறும் ஆற்றல் குறைவு.
* 0.35 அலகுக்கு அண்மையிலுள்ள முடிவுகள் மறுசோதனையில் மாறக்கூடும். 0.33, 0.37 ஆகிய இரண்டுக்கும் இடையே உயிரியல் வேறுபாடு பெரிதில்லை. ஆயினும் ஒன்று எதிர்முடிவு, மற்றொன்று நேர்முடிவு. ஆகவே முடிவுடன் அளவையும் அறிக்கையில் குறிப்பிடுவது நன்று.
* மருந்து உட்கொண்டு முடித்த பின்னரும் நேர்முடிவு நீடிக்கலாம் என்பதால், மருத்துவத்தின் வெற்றியை அறிய உதவாது.
* தடுப்பு மருந்து கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால், நேர்முடிவு வந்த அனைவருக்கும் மருந்து அளிக்கப்படுவதில்லை. நோயுறும் வாய்ப்பும் மருந்தின் தீங்கும் ஒப்பிடப்படும்.

தொடர்புடைய அளவீடுகள்

இடையீட்டு எலைசாவினால் வேறு சைட்டோகைன்களையும் அளக்கலாம். கோவிட்-19 பெருந்தொற்றின்போது கடும் அழற்சியை மதிப்பிட இன்டர்லியூக்கின்-6 பல மருத்துவமனைகளில் அளக்கப்பட்டது. அச்சோதனையில் குருதியில் ஏற்கெனவே உள்ள புரதமே அளக்கப்படுகின்றது. இன்டர்பெரான்-காமா வெளிவிடல் சோதனையில், உயிரணுவிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டு அது தரும் விடை அளக்கப்படுகின்றது. இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

இவற்றையும் பார்க்க

* காசநோய்
* எலைசா
* சைட்டோகைன்
* மாந்தூ சோதனை
* சிலிக்கோசிசு
* கிருட்டிணகிரி மாவட்டம்